ஊர் சுற்றும் கால்களுக்கு எந்தக் காலணி?

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பைக்கில் போய்வருகிறவர் சாதாரண நாளில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். அவரே குடும்பத்தோடு ரோமுக்கோ ஹம்பிக்கோ போனால், காலையில் விடுதியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இரவு திரும்பும்வரை பதினைந்து கிலோமீட்டர்கூட நடந்துவிடுகிறார். கால் அதற்குப் பழகியிருக்காது. காலணியோ பெரும்பாலும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவசரமாக வாங்கியதாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டுகிறவர் இல்லாத சுற்றுலாக் குழு அபூர்வம். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுகிறவர்கள் காலணிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. பார்க்கப்போன இடத்தைப் பார்க்க விடாமல் செய்வதில் காய்ச்சலுக்கு அடுத்த இடம் கால்வலிக்குத்தான் என்பதால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

காலணியைப் பற்றிக் கடையிலும் விளம்பரத்திலும் சொல்லப்படுகிறவை ஏராளம். உள்வளைவைத் தாங்கும், முழங்காலைக் காக்கும், கணுக்கால் பிசகாமல் பிடிக்கும், தண்ணீர் புகாது, மேகத்தில் நடப்பதுபோல் இருக்கும் என்று ஒவ்வொரு பெட்டியும் ஒன்றைச் சொல்கிறது. இவற்றில் எது ஆய்வுக்கு நின்றது, எது நிற்கவில்லை என்று தேடிப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நீளமும் அகலமும் நம் காலுக்குப் பொருந்தியிருப்பது ஒன்று; போட்டு நடக்கும்போது நம் கால் உணரும் சுகம் இன்னொன்று. இந்த இரண்டையும் நம்பலாம். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். இதற்கு விலக்கானவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் அவர்கள் எண்ணிக்கை அதிகம் என்பதால் அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. இந்தியக் கடைகளில் நாம் கேட்கும் ஏழு, எட்டு, ஒன்பது என்பவை பிரிட்டன் எண்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய எண்கள் 40, 41, 42 என்று போகும். அங்கே ஒரு படிக்கு 6.67 மில்லிமீட்டர். அமெரிக்க எண் ஆண்களுக்குப் பிரிட்டன் எண்ணைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதல். இந்த எண்கள் எல்லாம் நீளத்தை மட்டுமே சொல்கின்றன. அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண் ஒன்றாகவே இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இடம் மாறுவதற்குக் காரணம், ஷூ தைக்கப்படும் அச்சு மாறுவதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் ‘லாஸ்ட்’ என்று சொல்லும் அந்தக் கால் வடிவ அச்சின்மேல்தான் தோலை இழுத்துத் தைத்து ஒட்டுகிறார்கள். ஏற்றுமதிக்குப் போகும் ஷூவுக்கு அந்த அச்சு வெளிநாட்டுப் பாதத்தின் வடிவம். நம் கால் அதற்குள் நுழைய வேண்டுமென்றால் ஏதாவது ஓர் இடத்தில் நெருக்கடி வரத்தான் செய்யும்.

இது வெறும் ஊகமல்ல. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அந்த அளவெடுப்பில் உறுதியானது. பிரிட்டன் காலத்து எண்களை விட்டுவிட்டு ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறை வேண்டும் என்ற பரிந்துரையும் அதிலிருந்துதான் பிறந்தது. அகலம் போதாததால் நம் மக்கள் நீளத்தில் ஓர் எண் பெரியதாக வாங்கிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். பயணத்தில் கால் படும் பாட்டுக்கு இந்தச் சமாளிப்பு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நீளம் கூடின ஷூவில், பாதம் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றாக இருக்காது. குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்பி இறங்கும். அப்படி உரசி உரசித்தான் முதல் கொப்புளம் வருகிறது.

நம் பாதம் ஏன் அகலம்? செருப்பும் வெறுங்காலும் நம் வழக்கம் என்பது அதில் ஒரு பங்கு. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களையும் காலணி போட்டுப் பழகிய இந்தியர்களையும் பெல்ஜியக்காரர்களையும் ஒப்பிட்டது. வெறுங்காலோடு நடந்தவர்களின் முன்பாதம் அகன்றிருந்தது. நடக்கும்போது பாரம் பாதம் முழுவதும் சீராகப் பரவியது. அது ஆரோக்கியமான கால். அந்தக் காலை ஒடுங்கிய கூர்முனை ஷூவுக்குள் திணிப்பதுதான் தவறு.

ஆகவே கடைக்குப் போகும்முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சாயங்காலம், நாள் முழுக்க நடந்த பிறகு, பயணத்தில் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு வெள்ளைத்தாளில் ஏறி நில்லுங்கள். உட்கார்ந்து வரையக் கூடாது. உடம்பின் பாரம் காலில் இறங்கும்போதுதான் பாதம் தன் முழு அகலத்துக்கு விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, வீட்டில் வேறு யாரையாவது சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும் வரைய வேண்டும், ஏனென்றால் அநேகமாக எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெரிது. அந்தத் தாளை மடித்துக் கடைக்கு எடுத்துப்போய், பிடித்த ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி அதன்மேல் வையுங்கள். பென்சில் கோடு சுண்டுவிரல் பக்கத்தில் இன்சோலுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கானதல்ல. எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்னால், நீளமான விரலுக்கும் இன்சோல் முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர்வரை மிச்சம் இருக்க வேண்டும். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை. பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். பெரிய காலுக்குப் பொருந்துகிற எண்ணை வாங்கிக்கொண்டு, சின்ன காலுக்கு லேஸை இறுக்கிக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொல்லும் வாசகம் ஒன்று எல்லோருக்கும் பரிச்சயம். வயதான அம்மா ஒருவர் ஷூவைப் போட்டு நாலடி நடந்துவிட்டு, “சுண்டுவிரல்கிட்ட கடிக்குதுப்பா” என்பார். “போடப் போட சரியாயிடும்மா, புதுசுல்ல” என்பார் விற்கிற பையன். கூட வந்த மகனும் தலையாட்டுவார். மெல்லிய ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் ஷூ என்றால் அகலவாக்கில் சிறிது விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. நீளத்தில் அது ஒருநாளும் வளராது. இன்றைக்கு விற்கும் நடைக்காலணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழைத் துணியும் ரெக்சினும் ஒட்டியவை. ஒட்டிய இடம் கடைசிவரை இளகாது. கடையில் கடிக்கிற ஷூ காசியில் படித்துறை இறங்கும்போது கூடுதலாகத்தான் கடிக்கும். அந்த அம்மா சொன்னதுதான் சரி. அந்த நேரத்தில் அவர் காலைவிட நம்பகமான சாட்சி கடையில் வேறெதுவும் இல்லை.

அகலமான கால்காரர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நியூ பேலன்ஸ், புரூக்ஸ், அசிக்ஸ் போன்ற சில கம்பெனிகள் ஒரே நீளத்தில் பல அகலங்களில் தயாரிக்கின்றன. ஆண்களுக்கு ‘டி’ என்பது சாதாரணம், ‘2இ’ அகலம், ‘4இ’ மிக அகலம். பெண்களுக்கு ‘பி’ சாதாரணம், ‘டி’ அகலம். நம் ஊர்க் கடைகளில் இவை அடுக்கில் இருப்பது குறைவு, கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். பெண்கள் ஆண்கள் பிரிவிலும் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பாதம் நிரந்தரமாகவே சற்று நீண்டுவிடுவது பலருக்கு நடக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு போட்ட எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அடுத்தது சுகம். பாதத்தின் உள்வளைவு தட்டையா, நடுத்தரமா, உயரமா என்று பார்த்து அதற்கேற்ற ஷூவைக் கொடுக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாகக் கடைகள் பின்பற்றிய முறை. ஈரக்காலைத் தாளில் பதித்துப் பார்க்கச் சொல்வதும் இதற்குத்தான். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுக்கப்பட்டவர்களுக்கும், வளைவைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுக்கப்பட்டவர்களுக்கும் பயிற்சிக்காலக் காயங்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தட்டைப் பாதம் என்றாலே நோய் என்று பயப்படவும் வேண்டியதில்லை. வலி இல்லாத தட்டைப் பாதத்தோடு காலமெல்லாம் நடந்தவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு முன்பே, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் வேறு கோணத்தில் ஒரு சோதனை நடந்திருந்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வில் படைவீரர்களுக்கு ஆறு வகை இன்சோல்களைக் கொடுத்து, எது சுகமாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆளாளுக்கு வேறு வேறு இன்சோல் பிடித்திருந்தது. தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டவர்களுக்கு, இன்சோல் இல்லாதவர்களைவிட எலும்புக் கீறலும் வலியும் குறைந்தன. அந்தக் குழுவில் இருந்த பென்னோ நிக் 2015இல் இந்தச் சிந்தனையை விரித்து, சுகமான காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது உடம்பு தனக்கு ஏற்ற அசைவைத் தானாகவே வடிகட்டி எடுத்துக்கொள்கிறது என்று எழுதினார். எல்லா ஆய்வாளர்களும் இதை முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் நடக்கிறது. ஆனால் வாங்கப்போகிற ஒருவருக்கு இதைவிட உருப்படியான வழிகாட்டல் இதுவரை இல்லை என்பது என் கருத்து.

விளம்பர வாக்குறுதிகளை அரசே விசாரித்த கதையும் உண்டு. நடந்தாலே தொடை இறுகும், எடை குறையும் என்று சொல்லி விற்ற ஷூக்களுக்காக அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்குகளில் ரீபோக் 2011இல் 2.5 கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் 2012இல் 4 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. வெறுங்கால்போல் விரல் விரலாகப் பிரிந்த ஷூவை விற்ற விப்ரம் நிறுவனமும் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை 2014இல் 37.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவதைவிட, அதைப் போட்டுக் கடைக்குள் பத்து நிமிடம் நடப்பது மேல். படி இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடித்தால், மேகாலயாவில் வேர்ப்பாலம் பார்க்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி நோங்ரியாட் போய்ச் சேரும்போது நகம் கறுத்திருக்கும்.

மெத்தென்ற சோல் பற்றிச் சொல்ல வேண்டும். அழுத்தினால் அமுங்குகிற ஷூ கடையில் இரண்டு நிமிடத்துக்குச் சொர்க்கமாக இருக்கும். ஆனால் மெத்தையின் மென்மையும் நடையின் சுகமும் ஒன்றல்ல. மிகவும் மென்மையான நுரை, சீரான தார்ச்சாலையிலும் விமான நிலையத் தரையிலும் நன்றாக உழைக்கும். கரடுமுரடான கல் பாவிய தெருவில் பாதம் பக்கவாட்டில் ஆட, அதை நேராக்கிக்கொண்டே கெண்டைக்கால் தசைகள் களைத்துவிடும். சோதனை எளிது: ஷூவை இரு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் முறுக வேண்டும், கயிறாகிவிடக் கூடாது. மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்குகிற ஷூ உள்வளைவை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்பகுதி, விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்காததாக இருக்க வேண்டும்.

எடையும் கவனிக்கத்தக்கது. காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் நாலைந்து கிலோவுக்குச் சமமான உழைப்பைக் கேட்கிறது என்று 1960களிலிருந்தே படைத்துறை உடலியல் ஆய்வுகள் காட்டிவருகின்றன. பதினைந்து கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ இருபதாயிரம் அடி. ஒவ்வொரு ஷூவும் 250 கிராம் கூடுதல் என்றால் அன்றைக்குள் ஐந்து டன்னைத் தூக்கி வைத்திருக்கிறோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு மலையேறும் கனத்த பூட்ஸ் தேவையே இல்லை. உயரமான கழுத்துள்ள பூட்ஸ்தான் கணுக்காலைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. 1993இல் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த சோதனையில் உயரக் கழுத்து ஷூவுக்கும் தாழ்ந்த கழுத்து ஷூவுக்கும் கணுக்கால் சுளுக்கில் வித்தியாசம் தெரியவில்லை. பாறையில் கணுக்கால் எலும்பு இடிபடாமலும் சரளைக் கல் உள்ளே விழாமலும் உயரக் கழுத்து தடுக்கும் என்பது வேறு விஷயம். அதற்காகத் தேவைப்படுகிறவர்கள் வாங்கலாம்.

நடக்கப்போகும் தரையை வைத்துத்தான் அடிப்பாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமின் பழைய தெருக்களில் பதித்திருக்கும் சிறு சதுரக் கருங்கற்கள் மழையில் வழுக்கும். கல்லுக்குக் கல் இருக்கும் இடைவெளியில் மெல்லிய சோல் போட்டவர் பாதம் ஒவ்வொரு விளிம்பையும் உணரும். ஹம்பியில் காய்ந்த பாறையில் எந்த நல்ல ரப்பரும் பிடிக்கும். சேற்றிலும் பனியிலும்தான் ஆழமான பற்கள் வேண்டும். அந்தப் பற்சோல் பிறந்ததே ஒரு துயரத்தில். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் பனிப்புயலில் சிக்கி, சரியான காலணி இல்லாமல் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களின் தோழரான மிலான் நகர மலையேறி விட்டாலே பிரமானி, ரப்பரில் பல்பல்லாக வெட்டிய சோலை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்தே வந்தது. நகரத் தெருக்களுக்கு அவ்வளவு ஆழமான பற்கள் தேவையில்லை.

தண்ணீர் புகாத ஷூவை எல்லாப் பயணத்துக்கும் வாங்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1969இல் பாப் கோர் டெஃப்லானை இழுத்து விரித்துக் கண்டுபிடித்த நுண்துளைப் படலம்தான் கோர்டெக்ஸின் அடிப்படை. நீராவி வெளியேறும், நீர்த்துளி உள்ளே வராது என்பது தத்துவம். வெளியே குளிராகவும் உள்ளே சூடாகவும் இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏறும் சுமார் 16 கிலோமீட்டர் வழியில் குளிர்மழை பிடித்துக்கொண்டால் அதன் அருமை தெரியும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை வெளியேற வழியில்லாமல் சாக்ஸ் உள்ளிருந்தே நனைந்துவிடுகிறது. கணுக்கால் வழியாகத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போய்விட்டால் காய இரண்டு நாள் ஆகும். கேரளத்துப் பருவமழையிலோ சிங்கப்பூரிலோ வலைத்துணி ஷூ நனையட்டும். இரவில் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் காலையில் போடும் பதத்துக்கு வந்துவிடும்.

நம் பயணங்களில் பாதி, கோயில் பயணம். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்களுக்குப் போனால் காலணியை ஒன்பது முறை கழற்றி ஒன்பது முறை மாட்ட வேண்டும். லேஸ் ஷூ அங்கே தொல்லை. கால் கழுவிய ஈரத்தோடு சாக்ஸை மாட்டிக்கொண்டு நடப்பது கொப்புளத்துக்கு நேர்வழி; ஈரத் தோலில்தான் உராய்வு அதிகம். இந்த மாதிரிப் பயணத்துக்குப் பின்பட்டையும் வெல்க்ரோவும் உள்ள சாண்டல்ஸ்தான் பொருத்தம். 1984இல் மார்க் தாட்சர் என்ற கிராண்ட் கேன்யன் படகு வழிகாட்டி, ஆற்றில் அடித்துப் போகாமல் இருக்கச் செருப்புக்குக் கணுக்கால் பட்டை வைத்ததிலிருந்து வளர்ந்த வகை இது. ஹவாய் செருப்பு விடுதிக்குள் போட்டுக்கொள்ள நல்லது. நெடுநடைக்கு ஆகாது, ஏனென்றால் அது நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் இறுக்கிப் பிடிக்கின்றன. ஹவாய் செருப்பு போட்டவர்கள் அடியைக் குறுக்கி வைக்கிறார்கள் என்று 2008இல் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வும் காட்டியது. ஜப்பான் போகிறவர்களுக்கும் இதே யோசனை உதவும்: கியோட்டோவில் நிஜோ கோட்டை அரண்மனையிலும் பல கோயில்களிலும் ஷூவைக் கழற்ற வேண்டும், ஆகவே குனியாமல் காலை நுழைக்கக்கூடியதும் ஓட்டையில்லாத சாக்ஸும் வேண்டும்.

இனி, காலின் சாட்சியை நம்பக் கூடாதவர்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. நோய் நாள்பட்டு நரம்பு மரத்துப்போனவருக்கு, கடிக்கிற ஷூவும் சுகமாகவே தெரியும். இறுக்கமான ஷூதான் காலில் இருக்கிற உணர்வையே தருகிறது என்று இன்னும் சிறியதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு வழிகாட்டுகிற அறிவு தமிழ்நாட்டிலேயே விளைந்தது என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கால்களில் வரும் புண் நோயின் அழுகல் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வலி தெரியாததால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் அழுத்தம்தான் புண்ணாக்குகிறது என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். உணர்வுள்ளவர் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னையறியாமல் நடையைக் கொஞ்சம் மாற்றிப் பாரத்தை இடம் பெயர்க்கிறார். உணர்வில்லாதவர் கடைசி அடியையும் முதல் அடிபோலவே வைக்கிறார். அந்த அழுத்தத்தைப் பரப்புவதற்கு வேலூரிலும் கரிகிரியிலும் நுண்துளை ரப்பரைக் கொண்டு செருப்பு செய்தார்கள். இன்றைக்கு மருத்துவமனை வாசல்களில் எம்.சி.ஆர். செருப்பு என்று விற்பது அந்த வழியில் வந்ததே.

நீரிழிவுக்காரர் பயணம் கிளம்பும்முன் பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் ஒரு தடவை சோதித்துக்கொள்வது அவசியம். உணர்வு குறைந்திருந்தால் விரலிடுக்கில் வார் போகாத, பின்பட்டையுள்ள எம்.சி.ஆர். காலணியோ, விரல்களுக்கு மேல்பக்கமும் இடமுள்ள அகன்ற ஷூவோ வாங்க வேண்டும். அளவு தாளில் பார்த்துத்தான். ‘நல்லாத்தான் இருக்கு’ என்ற உணர்வை வைத்து அல்ல. மாட்டும்முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட வேண்டும், கல் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. உச்சிவெயிலில் பிராகாரக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடப்பது இவர்களுக்கு மிகவும் ஆபத்து. தோல் வெந்தபின்தான் பார்ப்பார்கள். கோயிலில் சாக்ஸ் போட அனுமதிப்பார்கள் என்றால் தடித்த சாக்ஸ் போடுங்கள். இல்லையென்றால் காலையிலோ மாலையிலோ போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் பக்கத்துத் தெருக்களில் போட்டு நடந்து பழக்க வேண்டும். இது ஷூ இளகுவதற்கல்ல, எங்கே உரசுகிறது என்று ஊரிலேயே தெரிந்துகொள்வதற்கு. அதற்காகப் பழைய ஷூவே போதும் என்று பரணிலிருந்து எடுக்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாலியூரித்தேன் சோல், காற்றிலிருக்கும் ஈரத்தோடு வேதிவினை புரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டு நடந்துகொண்டிருந்தால் மெதுவாக, பெட்டியில் மூடி வைத்திருந்தால் வேகமாக. நாலைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்த, பார்ப்பதற்குப் புத்தம்புதிதாக இருக்கும் ஷூ, மலைப்பாதையில் ஒரு மணி நேரத்தில் பிஸ்கட் தூளாக உதிர்ந்து, மேல்பாகம் தனியாகக் கையில் வந்துவிடும். கயிற்றால் சோலைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை மலை வாசஸ்தலங்களில் பார்த்திருக்கிறேன். கிளம்பும்முன் சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் தெரிந்தாலோ அதை எடுத்துப் போகாதீர்கள். ஈ.வி.ஏ. நுரை அப்படி உதிராது. ஆனால் 500 முதல் 800 கிலோமீட்டர் நடைக்குள் அமுங்கித் தன் துள்ளலை இழந்துவிடும்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்திதான் நல்லது என்ற நம்பிக்கையை நடைப்பயணத்துக்கு மட்டும் கைவிட வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் கலந்த சாக்ஸ் ஈரத்தைக் கடத்திவிடும். ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையில் வாரக்கணக்கில் நடக்கும் யாத்திரிகர்கள் ஷூவை அரை எண் அல்லது ஓர் எண் பெரியதாக வாங்குவதும், மதியம் உட்கார்ந்து சாக்ஸை மாற்றிக்கொள்வதும் வழக்கம். நாள் கணக்கில் நடந்தால் பாதம் வீங்கும், அதற்கு இடம் வேண்டும். பெரியதாக வாங்கினாலும் குதிகால் எழும்பாமல் இருக்க, ஷூவின் மேல்விளிம்பில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் கடைசித் துளையில் லேஸை நுழைத்து இரு பக்கமும் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டுங்கள். விரல்கள் தளர்வாக இருக்கும்போதே குதிகால் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் கொப்புளம் வரலாம். தோலின் மேற்பரப்பு சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்வதால் தோலின் அடுக்குகள் நடுவில் பிரிந்து நீர் கோப்பதுதான் கொப்புளம். பிரிவதற்கு முன்பு அந்த இடம் சூடாகத் தெரியும். அப்போதே உட்கார்ந்துவிட வேண்டும், அடுத்த கோபுரம்வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பல நாள் ஓடும் 250 கிலோமீட்டர் பாலைவனப் பந்தயங்களில் 128 ஓட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சாதாரணக் காகித டேப்பை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. காயத்துக்குக் கட்டுப்போடும்போது ஒட்டுகிற அதே வெள்ளைக் காகித டேப், எந்த மருந்துக்கடையிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். காலையில் கால் உலர்ந்திருக்கும்போது, குதிகாலிலும் ஊரில் நடந்து பழகியபோது உரசிய இடத்திலும் சுருக்கம் விழாமல் ஓரடுக்காக ஒட்டி, அதன்மேல் சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.